யானைகள் நீந்தி வந்த தீவு

கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்த அம்மாவிடம் "கிரீஸில் ஒரு யானைத் தீவுக்குப் போகலாம்" என்றேன். "அங்க ஏதுடா யானை?" என்றார். இப்போது இல்லை, முன்பு இருந்தது, அதுவும் உன் உயரம்தான் இருக்கும் என்று சொன்னதும் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்.

தீவின் பெயர் தீலோஸ். ஈஜியன் கடலின் தென்கிழக்கில், ரோட்ஸ், கோஸ் என்ற இரண்டு தீவுகளுக்கு நடுவே கிடக்கிறது. பரப்பு சுமார் 64 சதுர கிலோமீட்டர், வசிப்பவர்கள் சுமார் 750 பேர். விமான நிலையம் கிடையாது. ரோட்ஸிலிருந்து கப்பலில் இரண்டு மணி நேரம், அதுவும் எல்லா நாளும் கப்பல் இருக்காது. செப்டம்பர் மாதம் போனோம். லிவாதியா விரிகுடாவுக்குள் கப்பல் திரும்பியபோது, இறங்குவதற்காக நின்றவர்கள் எங்களையும் சேர்த்து இருபது பேர்கூட இருக்க மாட்டார்கள்.

லிவாதியாதான் துறைமுக ஊர். வளைந்து போகும் நீண்ட கூழாங்கல் கரை, கரையோரம் நிழல் மரங்கள், அந்த நிழலில் உணவகங்களின் மேசைகள். மதியம் இரண்டு மணிக்கு மேல் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கப் போய்விடும். முதல் நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையும் இல்லை, ஆளும் இல்லை, என்னதான் செய்வது? மூன்றாம் நாள் அம்மாவோடு சேர்ந்து நானும் தூங்கினேன். எழுந்து, கழுத்தளவு தண்ணீரில் நின்று குனிந்து பார்த்தால் கால்விரல்கள் தெரிந்தன. அவ்வளவு தெளிவான கடலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சரி, யானைக்கு வருகிறேன்.

தீவின் நடுவில் கர்காதியோ என்று ஒரு குகை. 1971 இல் ஏதென்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கில் குள்ள யானைகளின் எலும்புகள் கிடைத்தன. இவற்றின் முன்னோர்கள் நான்கு மீட்டர் உயரம் வரை வளர்ந்த, நேரான தந்தம் கொண்ட பெரிய யானைகள். ஆசியா மைனர், அதாவது இன்றைய துருக்கிக் கரையிலிருந்து நீந்தியே வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். யானை நன்றாக நீந்தும், தும்பிக்கையை நீருக்கு மேலே தூக்கிக்கொண்டு. வந்த இடத்தில் புல்லும் தழையும் கொஞ்சம்தான். துரத்திப் பிடிக்கச் சிங்கமோ வேறு பெரிய மிருகமோ இல்லை. பெரிய உடம்பு இருந்து பயனில்லை. தலைமுறை தலைமுறையாக உருவம் சிறுத்து, கடைசியில் வளர்ந்த யானையே ஆறடிக்குள் அடங்கிவிட்டது. ஐரோப்பாவில் கடைசியாக வாழ்ந்த யானைகள் இவைதான் என்று கருதுகிறார்கள்.

எலும்புகளின் முன்னால் அம்மா வெகுநேரம் நின்றார். ஒரு கடைவாய்ப்பல்லைக் காட்டி, "இது குட்டியோடதா, பெரிசோடதா?" என்று கேட்டார். வளர்ந்த யானையுடையதுதான் என்றேன். சின்ன வயதில் கோயில் யானைக்கு வாழைப்பழம் கொடுத்த கதையை அங்கேயே சொல்ல ஆரம்பித்துவிட்டார். பலமுறை கேட்ட கதை. ஆனால் அந்த இடத்தில் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

நாங்கள் தங்கிய வீட்டின் உரிமையாளர், அம்மா வயதுக்காரர், வந்த அன்றே மூன்று குப்பைப் பைகளைக் கையில் கொடுத்துவிட்டார். உணவுக் கழிவு ஒன்றில், மறுசுழற்சிக்குப் போவது ஒன்றில், எதற்கும் ஆகாதது மற்றொன்றில். வீடு வீடாக வந்து எடுத்துப் போகிறார்கள். தெருவில் குப்பைத்தொட்டியே கிடையாது. 2021 இறுதியில் தொடங்கிய திட்டம் இது, அதன் பிறகு குப்பைமேட்டை மூடிவிட்டார்கள். சின்னத் தீவில் குப்பையைக் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் கொண்டுபோய்க் கொட்ட முடியாது. எங்கே கொட்டினாலும் அது நம் வாசல்தான்.

மின்சாரமும் அப்படித்தான். முன்பு கோஸிலிருந்து கடலடிக் கம்பி வழியாக வந்தது. கம்பியில் பழுது என்றால் தீவே இருட்டு. இப்போது 800 கிலோவாட் காற்றாலை ஒன்று, சூரியத் தகடுகள், மிஞ்சும் மின்சாரத்தைச் சேமிக்க உப்பும் நிக்கலும் கொண்டு செய்த மின்கலங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2015 இல் தொடங்கிய வேலை. மிச்சமானால் அதே கம்பி வழியாகக் கோஸுக்கே அனுப்புகிறார்கள். ராத்திரி மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தபோது இதை அம்மாவுக்கு விளக்கினேன். "அதான் நாலு நாளா கரண்ட் போகலையா" என்றார்.

இங்கே 1993 இலிருந்து வேட்டைக்குத் தடை. அதனாலேயே பறவைகள் தைரியமாக இருக்கின்றன. ஒரு விடிகாலை நான் மட்டும் லிவாதியாவிலிருந்து வடக்கே லெத்ரா கரைக்கு மலைப்பாதையில் நடந்தேன். ஒரு மணி நேர நடை. வழியெல்லாம் காய்ந்த தைம் செடிகள், கால் பட்டாலே வாசனை எழும். ஒரு திருப்பத்தில் தலைக்கு மேலே எலியனோரா வல்லூறுகள் நான்கைந்து பாறையை ஒட்டிச் சீறிக்கொண்டு போயின. மற்ற பறவைகள் வசந்தத்தில் குஞ்சு பொரித்தால், இவை கோடைக் கடைசியில்தான் பொரிக்கும். வடக்கிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு வலசை போகும் சின்னப் பறவைகள் ஈஜியனைக் கடக்கும் காலம் அது. குஞ்சுகளுக்கு இரை தானாகவே வீடு தேடி வரும். அப்புறம் குஞ்சுகளும் பறக்கத் தொடங்கியதும் மடகாஸ்கர் வரை போய்விடும். தண்ணீர் பாட்டிலைத் திறக்கக்கூட மனமில்லாமல் அரை மணி நேரம் அங்கேயே நின்றேன்.

மிக்ரோ கோரியோ என்றால் சின்னக் கிராமம் என்று பொருள். லிவாதியாவுக்கு மேலே, கடலிலிருந்து பார்த்தால் தெரியாதபடி மலைமடிப்பில் ஒளிந்திருக்கிறது. கடற்கொள்ளையர் பயத்தில் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். பயம் போன பிறகு துறைமுகமே வசதி என்று குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின, 1960களில் ஊர் காலியாகிவிட்டது. கூரையில்லாத கல்வீடுகள். சுவரில் விளக்கு மாடம், அடுப்படியில் கரி படிந்த கல், வாசலில் தானாக முளைத்து வளர்ந்த அத்திமரம். தேவாலயத்துக்கு மட்டும் வெள்ளையடித்து வைத்திருக்கிறார்கள். வீட்டை விட்டாலும் சாமியை விடவில்லை.

வடமேற்கு மூலையில் ஆகியோஸ் பான்தெலெய்மோன் மடம். வெறும் பாறை மலையில் திடீரென்று ஊற்றுநீர், உயர்ந்த மரங்கள், குளிர்ந்த நிழல். முற்றத்தில் கறுப்பு வெள்ளைக் கூழாங்கற்களைப் பதித்து வடிவங்கள் போட்டிருந்தார்கள். அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "கோலத்த மிதிக்கக் கூடாது" என்று ஓரமாகவே நடந்தார். ஜூலை 25 இலிருந்து 27 வரை இங்கே திருவிழா, தீவே திரண்டு வந்து ஆடுமாம். அந்த நாட்களுக்காகவே இன்னொரு முறை வர வேண்டும்.

திரும்பும் வழியில் பிளாக்கா கடற்கரையில் இறங்கினோம். மரத்தடியில் மயில்கள்! உண்மையான மயில்கள், ஆள் பயமில்லாமல் எங்கள் பைக்குள் எட்டிப் பார்த்தன. "முருகா" என்று கையெடுத்துக் கும்பிட்டார் அம்மா. பக்கத்தில் படுத்திருந்த ஒரு தம்பதி எழுந்து உட்கார்ந்து, எங்களைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள்.

கிளம்ப வேண்டிய நாளில் காற்று அதிகம் என்று கப்பலை நிறுத்திவிட்டார்கள். இணைப்பு விமானம் போய்விடுமே என்று நான் தொலைபேசியோடு மல்லாடிக்கொண்டிருக்க, வீட்டுக்காரம்மா தக்காளியில் வெந்த ஆட்டுக்கறியைக் கிண்ணம் நிறையக் கொண்டுவந்து வைத்தார். "சிகா சிகா" என்றார். மெதுவா, மெதுவா. இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது. ஆனாலும் கறியில் என்னென்ன போட்டது என்று அம்மா விரல்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மறுநாள் கப்பல் வந்தது. மேல்தளத்தில் நின்றபோது, தூரத்தில் துருக்கிக் கரை நீலமாகத் தெரிந்தது. யானைகள் வந்த பக்கம் அதுதான் என்று காட்டினேன். கடலையும் கரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார் அம்மா.

"குட்டியையும் கூட்டிக்கிட்டுதான் நீந்தியிருக்கும்" என்றார். "விட்டுட்டு வந்திருக்காது."