கிஃப்5 வேறு, கைனெசின்-5 வேறு

செல்லுக்குள் நுண்குழல்கள் என்ற மெல்லிய தண்டவாளங்களின் மேல் நடக்கும் மோட்டார் புரதங்களில் ஒரு பெரிய வகை கைனெசின். அவற்றைப் படிக்க ஆரம்பிக்கிற எல்லோரும் ஒருமுறையாவது முட்டிக்கொள்ளும் இடம் அவற்றின் பெயர்கள். மனிதனிலும் எலியிலும் கிஃப்5 என்று பெயர் வாங்கிய புரதங்கள் கைனெசின்-1 குடும்பம். சரி, கைனெசின்-5 குடும்பத்தில் நமக்கு யார் இருக்கிறார் என்று தேடினால் கிஃப்11 வந்து நிற்கும். கிஃப்1 எங்கே? அது கைனெசின்-3. கிஃப்4 என்னவோ கைனெசின்-4 குடும்பத்திலேயே இருக்கிறது, அதை வைத்து ஏதாவது விதி கண்டுபிடித்துவிடாதீர்கள்.

1985-இல் ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் மூவரும் ஸ்குவிட் கணவாயின் ராட்சத நரம்பிழையிலிருந்து இந்தப் புரதத்தைப் பிரித்தபோது இருந்தது ஒரே ஒரு கைனெசின், அதனால் எண்ணே தேவைப்படவில்லை. அப்புறம் ஆளாளுக்கு அவரவர் உயிரியில் ஒன்றைக் கண்டுபிடித்து, அவரவர் வழக்கப்படி பெயர் வைத்தார்கள். ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையில் செல் பிரிதல் பாதியில் நின்றுபோன திரிபுகளைத் தேடியவர்களுக்கு அது பிம்-சி. உட்கரு பிரிவதற்குள் நடுவில் சுவர் விழுந்து வெட்டிவிடும் பிளவு ஈஸ்ட் திரிபுகளில் கட்7. தவளை முட்டையிலிருந்து எடுத்ததால் ஈஜி5. பழ ஈக்காரர்கள் குரோமோசோமில் அது உட்கார்ந்திருக்கும் முகவரியையே ஒட்டி கேஎல்பி61எஃப் என்றார்கள். குரோமோசோம்கள் தொலைந்துபோகும் ரொட்டி ஈஸ்ட் திரிபுகளில் சின்8. இத்தனையும் ஒரே குடும்பம், அடிப்படை வேலையும் ஒன்றுதான்: நான்கு தலைகளோடு (தலை என்பது நடக்கும் மோட்டார் பகுதி) இரண்டு நுண்குழல்களைப் பிடித்து எதிரெதிர்த் திசையில் நகர்த்தி, செல் பிரியும்போது குரோமோசோம்களைப் பிரிக்கும் கதிர்கோலுக்கு இரண்டு முனை கிடைக்கச் செய்வது.

இதெல்லாம் வெறும் பெயர்ச் சண்டை என்று விட்டுவிடவும் முடியாது. 1999-இல் மொனாஸ்ட்ரால் என்ற மூலக்கூறு இந்தப் புரதத்தைத் தடுக்கிறது என்று வந்த கட்டுரையில் அது ஈஜி5. பின்னால் புற்றுநோய்க்காக அதே புரதத்தைக் குறிவைத்த மருந்துகளைப் பற்றிப் படித்தால் கேஎஸ்பி. சிறுதலைப் பிறவிக் குறைபாட்டை ஆராயும் மரபியல் மருத்துவருக்கு கிஃப்11. ஒரு பெயர் மட்டும் தெரிந்தவர் ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு பங்கைத்தான் பார்ப்பார்.

கிஃப் எண்களின் கதை இன்னும் எளிது. டோக்கியோவில் ஹிரோகவாவின் குழு எலி மூளையில் கிடைத்தவற்றுக்கு 1992-இல் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போட்டது, பட்டியல் அப்படியே நீண்டது. ரேஷன் கடை வரிசை மாதிரி, முன்னால் நிற்பவர் உங்கள் அண்ணனாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

2004-இல்தான் பல ஆய்வகங்கள் சேர்ந்து ஜர்னல் ஆஃப் செல் பயாலஜியில் பொதுப் பெயர்முறை ஒன்றை வெளியிட்டன. கைனெசின்-1 முதல் கைனெசின்-14 வரை குடும்பங்கள், எங்கும் சேராதவை தனி. அதற்கு முன்பு மோட்டார் பகுதி புரதத்தின் முன்பக்கமா, நடுவிலா, கடைசியிலா என்று பார்த்தும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். புதிய முறையின் அடிப்படை அந்த மோட்டார் பகுதியின் அமினோ அமில வரிசை, சுமார் 350 அமினோ அமிலங்கள். வால் பகுதி குடும்பத்துக்குக் குடும்பம் கண்டபடி மாறிவிடுவதால் உயிரிகளைத் தாண்டி ஒப்பிட உதவாது, தலை மாறாமல் நிற்கிறது. தலைகளை வரிசைப்படுத்தி மரம் வரைந்து, உறுதியாக நிற்கும் கிளைக்கு ஒரு எண்.

ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்று பொருந்தும் என எதிர்பார்க்கக் கூடாது. ரொட்டி ஈஸ்ட்டில் மொத்தமே ஆறு கைனெசின், அதில் இரண்டு கைனெசின்-5. மனிதனுக்கு 45 இருந்தும் கைனெசின்-5 ஒன்றுதான். அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் 61! நுண்குழலுக்கு ப்ளஸ், மைனஸ் என்று இரண்டு முனை; மைனஸ் முனைக்கு நடக்கும் இன்னொரு வகை மோட்டார் டைனீன். பூக்கும் தாவரங்களில் டைனீன் மோட்டார்களே கிடையாது, கைனெசின்-14 மட்டும் ஏகத்துக்குப் பெருகியிருக்கிறது. கைனெசின்களில் மைனஸ் முனைக்கு நடப்பவை பெரும்பாலும் அந்தக் குடும்பத்தில்தான் என்பதால் டைனீனின் வேலையில் ஒரு பங்கை அவை ஏற்றுக்கொண்டிருக்கலாம் என்பது எனக்கு நம்பத் தகுந்த விளக்கமாகவே தெரிகிறது.

குடும்ப எண்ணை வைத்து வேலையை ஊகிப்பதும் ஆபத்து. சின்8 இரண்டு திசையிலும் நடக்கும், அதே குடும்பத்து ஈஜி5 ப்ளஸ் முனையை நோக்கித்தான் போகும். கைனெசின்-13 நடையாளே இல்லை, நுண்குழலின் முனையில் உட்கார்ந்து அதைப் பிரித்துப் போடும். தசையில் வேலை செய்யும் இன்னொரு மோட்டார் வகையான மயோசின் பக்கம் போனால் தலைவலி அதிகம்: ரோமன் எண்கள், 2007-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் 35 வகுப்புகள்.

எனக்கு உண்மையான எரிச்சல் தானியங்கிப் பெயரிடலில்தான். புதிதாக ஒரு பூஞ்சையின் மரபணுத் தொகுதி வந்ததும் மென்பொருள் அதிகம் ஒத்துப்போகும் வரிசையைப் பார்த்து 'கிஃப்11 போன்றது' என்று எழுதிவிடும், அடுத்த பூஞ்சை இதைப் பார்த்துக் காப்பியடிக்கும். அந்த வரியை நம்பாமல், மோட்டார் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, அடையாளம் தெரிந்த 14 குடும்பத்துக்காரர்களோடு மரத்தில் ஏற்றிப் பாருங்கள். எந்தக் கிளையிலும் உட்காரவில்லை என்றால், குறிப்பாக டிரிப்பனோசோமா மாதிரி ஒட்டுண்ணிகளில் இது சகஜம், வகைப்படுத்தாதது என்றே எழுதிவையுங்கள்.