ஹாவொர்த்தில் 69 கழிப்பறைகள்

இங்கிலாந்தின் கீத்லியில் நீராவி ரயில் ஏறி ஹாவொர்த்தில் இறங்கியபோது தூறல். மெயின் ஸ்ட்ரீட் கல் பாவிய செங்குத்து ஏற்றம். பாதியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. இருபுறமும் டீக்கடை, பரிசுப்பொருள் கடை. 1850இல் இதே தெருவில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஏறியிருக்க வேண்டும்.

இந்த யார்க்‌ஷயர் ஊருக்கு வருகிறவர்கள் மேலேயுள்ள பாதிரியார் வீட்டைத் தேடிப் போவது, நாவலெழுதிய அவருடைய மகள்கள் சார்லட், எமிலி, ஆனுக்காக. நான் வந்தது அப்பா பாட்ரிக் ப்ரான்டிக்காக.

1848இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. வந்ததே தவிர, எல்லா ஊரிலும் தானாக நடைமுறைக்கு வரவில்லை. ஆண்டுச் சாவு ஆயிரம் பேருக்கு 23ஐத் தாண்ட வேண்டும். இல்லையென்றால் வரி கட்டுவோரில் பத்தில் ஒருவராவது கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டும். ப்ரான்டி 1849 ஆகஸ்டில் மனு அனுப்பினார். அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் அவர் வீட்டிலேயே மூன்று பிள்ளைகள் போயிருந்தார்கள். (எமிலியையும் ஆனையும் கொண்டுபோனது காசநோய், அந்தப் பழியை ஊரின் கெட்ட கிணற்றுத் தண்ணீர்மேல் போட முடியாது.)

மறு ஏப்ரலில் ஆய்வாளர் வந்தார்: பெஞ்சமின் பேபேஜ். கணிப்பொறிக்கு முன்னோடி என்று பள்ளியில் படித்தோமே, அந்த சார்லஸ் பேபேஜின் மகன்! அப்பா எந்திரத்தில் எண்ணியதை மகன் சாக்கடையோரம் நின்று எண்ணினார். ஊர் முழுக்க 69 கழிப்பறை, தண்ணீர் ஊற்றிக் கழுவும் வசதி ஒன்றில்கூட இல்லை. பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டையொட்டிச் சாணக்குவியல். கிணற்றுத் தண்ணீரைக் கோடையில் மாடுகளே தொடாதாம். இறந்தவர்களின் சராசரி வயது 25.8. நூற்றுக்கு 41 குழந்தைகள் ஆறு வயதைக் காணவில்லை.

அறிக்கை கைக்கு வந்தும் வேலை நகரவில்லை. வரி ஏறுமே என்று சொத்துக்காரர்கள் முரண்டு பிடித்தார்கள். நீர்த்தேக்கம் 1858இல்தான் வந்தது. அப்போது ப்ரான்டிக்கு 81 வயது, ஆறு பிள்ளைகளில் ஒருவரும் உயிரோடில்லை.

கல்லறைத் தோட்டம் அவர் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. படுக்கைவாட்டில் பலகைக்கல் போட்டு மூடினால் செடி முளைக்காது, மண்ணுக்குக் காற்றும் போகாது என்று பேபேஜ் கண்டித்திருந்தார். அந்தக் கற்கள் இன்னமும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன, மழையில் வழுக்கியபடி. மரங்கள் பின்னால் நட்டவை. இப்போது காக்கைக் கூடுகள். பெயர்களை விட்டுவிட்டு வயதுகளை மட்டும் படித்துக்கொண்டே போனேன். நாலைந்து கல்லுக்குமேல் முடியவில்லை.

இறங்கும்போது கழிப்பறை தேடினேன். அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார்கள்.