கமடோர் 64 ஜாய்ஸ்டிக் போர்ட்டில் ஓர் ஆர்டுயினோ நானோ

கமடோர் 64 என்ற 1980களின் வீட்டுக் கணினியில் பல விளையாட்டுகளில் குதிக்க வேண்டுமென்றால் ஸ்டிக்கை மேலே தள்ள வேண்டும். இருப்பது ஒரே பட்டன், அது சுடுவதற்கே போய்விடும். எனக்கு இது கடைசிவரை கைவரவில்லை. அதனால் ஒரு சூப்பர் நின்டெண்டோ கேம்பேடை ஆர்டுயினோ நானோ என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டு வழியாக ஜாய்ஸ்டிக் போர்ட்டில் இணைத்துவிட்டேன். இப்போது பி பட்டனை அழுத்தினால் கணினிக்கு அது 'மேல்'. அப்படி ஒரு சுகம்!

போர்ட்டில் ஒன்பது பின்கள். 1 முதல் 4 வரை மேல், கீழ், இடம், வலம். 6 சுடும் பட்டன், 7-இல் 5 வோல்ட், 8 கிரவுண்ட். 5, 9 இரண்டும் பேடில் என்ற திருகு குமிழ்க் கருவிக்கானவை, இங்கே தேவையில்லை. சாதாரண ஜாய்ஸ்டிக்குக்குள் இருப்பது வெறும் சுவிட்சுகள்தான். அழுத்தினால் அந்தப் பின் கிரவுண்டைத் தொடும். விட்டால் கணினிக்குள் இருக்கும் புல்-அப் அதை மறுபடி 5 வோல்ட்டுக்கு ஏற்றிவிடும்.

நானோவும் அந்தச் சுவிட்ச் மாதிரியேதான் நடந்துகொள்ள வேண்டும். ஹை, அதாவது 5 வோல்ட், கொடுக்கவே கூடாது. இதே கம்பிகளை வைத்துத்தான் கணினியின் 6526 சிப் விசைப்பலகையையும் படிக்கிறது. சிப் ஒரு கம்பியை லோவுக்கு (0 வோல்ட்) இழுக்கும் நேரத்தில் நானோ ஹை கொடுத்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும், சிப் போனாலும் போய்விடும். அதனால் ஐந்து பின்களிலும் லோ மதிப்பை ஒருமுறை எழுதிவிட்டு, அப்புறம் பின்மோடை (பின்னின் திசையை) மட்டும் மாற்றுகிறேன்: அழுத்தினால் அவுட்புட், விட்டால் புல்-அப் இல்லாத வெறும் இன்புட். ராஸ்பெர்ரி பை பைக்கோ மாதிரி 3.3 வோல்ட் போர்டு என்றால் நேரடியாக இணைக்காதீர்கள், நடுவில் ஒரு 7407 (லோவுக்கு மட்டும் இழுக்கும் பஃபர் சிப்) வையுங்கள்.

மின்சாரம் 7-ஆவது பின்னிலிருந்தே. அதில் 50 மில்லிஆம்பியர்தான் எடுக்கலாம். நானோவுக்கும் பேடுக்கும் போதும். யூஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள்.

சோதிக்க கணினியிலேயே இருக்கும் பேசிக் மொழி போதும். போர்ட் 2-இல் செருகி 56320 என்ற நினைவக முகவரியை பீக் செய்தால் (படித்தால்) சும்மா இருக்கும்போது 127, மேல் அழுத்தினால் 126, சுட்டால் 111. போர்ட் 1 வேண்டாம், அங்கே சுடும் பட்டன் ஸ்பேஸ் விசையாகிவிடும்.

நிஜ ஸ்டிக்கால் மேலும் கீழும் ஒரே நேரத்தில் போக முடியாது, கேம்பேடில் 'கீழ்' கூடவே பி-யையும் அழுத்தினால் முடியும். அந்த நிலையை எந்த விளையாட்டும் எதிர்பார்த்திருக்காது. அதனால் 'கீழ்' அழுத்தியிருக்கும்வரை பி பட்டனைக் கண்டுகொள்ளாதபடி எழுதியிருக்கிறேன்.

ஒய் பட்டன் தொடர்ந்து சுடும்: 40 மில்லிவினாடி அழுத்தம், 40 இடைவெளி. விளையாட்டுகள் பெரும்பாலும் ஃபிரேமுக்கு ஒருமுறைதான், அதாவது பால் (PAL) டிவி முறைக் கணினியில் வினாடிக்கு 50 முறைதான், போர்ட்டைப் பார்க்கின்றன. அதைவிட வேகமாகத் தட்டினால் பல குண்டுகள் கணக்கிலேயே வராது.