பாவு போடச் சொல்லித் தருவீர்களா என்று முதலில் கேளுங்கள்

ஆகஸ்ட் விடுமுறை நெருங்கினாலும் சரி, உயர்தரப் பரீட்சை முடிந்தாலும் சரி, மலையகத்தில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் வீடு தேடி வருவார்கள். "அக்கா, நெசவு கிளாஸுக்கு எங்க போம் எடுக்கிறது? எத்தன மாசம்? சேர்ட்டிபிகேட் தருவாங்களா?" நானும் முதல் தடவை போகும்போது இந்த மூன்றைத்தான் கேட்டேன். கேட்க வேண்டிய நாலாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்கத் தெரியாமல் ஒரு விடுமுறை முழுவதையும் கொடுத்துவிட்டேன். வருகிறவர்களிடம் நேரில் சொல்வதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

நான் இரண்டு இடத்தில் நெசவு படித்தேன். முதலாவது, உயர்தரம் முதல் வருடத்தில் இருக்கும்போது போன மூன்று வார விடுமுறை வகுப்பு. இரண்டாவது, உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருந்த காலத்தில், கண்டிக்கு அருகே குண்டசாலைப் பக்கம் ஆறு மாதக் கற்கைநெறி. இரண்டுக்கும் கம்பளையில் இருக்கும் அத்தை வீட்டில் தங்கித்தான் போய் வந்தேன்.

முதல் வகுப்பில் நாங்கள் போய் இறங்கும்போதே தறிகள் எல்லாம் தயாராக இருந்தன. நீளவாக்கு இழைகளான பாவை ஏற்றி, இழைகளைத் தூக்கி இறக்கும் விழுதில் கோத்து, சீப்புப் போன்ற அச்சில் இழுத்துக் கட்டி வைத்திருந்தார்கள். நாங்கள் உட்கார்ந்து மிதியை மிதித்து, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை எறிந்து, அச்சுப் பலகையை இழுத்து அடித்தால் போதும். இரண்டாம் நாளே துணி வளரத் தொடங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கை பட்டுத் துணி உருவாவதைப் பார்ப்பது பெரிய விஷயம். மூன்று வாரத்தில் ஆறு மேசை விரிப்பு நெய்தேன். அம்மா அதில் ஒன்றை இன்னும் டீவிக்கு மேலே விரித்து வைத்திருக்கிறார்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. எங்கள் தோட்டத்துச் சனசமூக நிலையத்தில் பழைய தறி ஒன்று கிடந்தது. யாரோ எந்தக் காலத்திலோ கொண்டு வந்து போட்டது. திறப்பை வாங்கிப் போய்த் தூசி தட்டினேன். மரச்சட்டம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு இழைகூட அதில் இல்லை. வெறும் தறிக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றேன். எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு நூல் வேண்டும், அதை எப்படிக் கட்டுவது, எதுவும் தெரியவில்லை. ஆறு விரிப்பு நெய்த எனக்கு ஒரு விரிப்பைத் தொடங்கத் தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன். போம் எடுக்கப் போகும் அன்றே பொறுப்பாளரிடம் கேளுங்கள்: "பாவு நாங்களே போடுவோமா? விழுதில் கோக்கச் சொல்லித் தருவீர்களா?" ஆம் என்றால், ஒரு ஆளுக்கு எத்தனை தடவை என்று கேளுங்கள். ஆறு மாத வகுப்பில் குறைந்தது மூன்று பாவாவது உங்கள் கையால் போட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மூன்று வார வகுப்பில் ஒன்று போட்டாலே போதும், விரிப்பு இரண்டு குறைந்தால் பரவாயில்லை. அங்கே படிக்கிற பிள்ளைகளிடமும் பேச்சுக் கொடுங்கள். தறிகளை எண்ணிப் பாருங்கள். இருபது பேருக்கு நாலு தறி இருந்தால் பாதி நாள் மற்றவர் நெய்வதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பீர்கள்.

பாவு பாவு என்கிறேனே, அது என்ன என்று புரிய ஒரு கணக்குச் சொல்கிறேன். தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே நாடாவோடு ஓடுவது ஊடை. 14 அங்குல அகலத்தில் ஒரு மேசை விரிப்பு வேண்டும், அங்குலத்துக்கு 24 இழை என்றால் 336 இழை. இரண்டு ஓரமும் உறுதியாக இருக்க நாலு நாலு இழை கூட்டினால் 344. ஆறு விரிப்பு, ஒன்று 18 அங்குலம் என்றால் நெய்த நீளம் மூன்று யார் (கஜம்). நெய்யும்போது பாவு வளைந்து வளைந்து போவதால் நீளம் சுருங்கும், கடைசியில் நெய்ய முடியாமல் தறியிலேயே ஒரு யார் அளவுக்கு நின்றுவிடும். ஆக இரண்டுக்குமாக ஒன்றரை யார் கூட்டி நாலரை யார் போட வேண்டும். 344ஐ நாலரையால் பெருக்கினால் 1548 யார். ஒரு சின்ன விரிப்புத் தொகுதிக்குப் பாவு நூல் மட்டும் இவ்வளவு, ஊடை தனி. இந்தக் கணக்கை நீங்களே போடத் தெரிந்துகொண்டால்தான் நூல் வாங்கவும் விலை சொல்லவும் முடியும்.

அந்த 344 இழையையும் முளை அடித்த சட்டத்தில் சுற்றும்போது, ஓரிடத்தில் ஒரு இழை மேலே அடுத்த இழை கீழே என்று மாற்றி மாற்றிக் கொண்டுபோய் குறுக்குப் பிடிப்போம். இழைகளின் வரிசை அந்தக் குறுக்கில்தான் இருக்கிறது. பாவைச் சட்டத்திலிருந்து கழற்றுமுன் அந்த இடத்தில் நூலால் கட்டிவிட வேண்டும். குண்டசாலையில் என் முதல் பாவில் நான் கட்டவில்லை. வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், திரும்பி வந்ததும் முடித்தாயிற்று என்ற நினைப்பில் கழற்றிவிட்டேன். கையில் இருந்தது ஒரு நூல் கற்றை மட்டும்தான். எந்த இழைக்குப் பக்கத்தில் எந்த இழை என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்லித் தந்த மிஸ் ஏசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் ஒண்ணு போடு" என்று தமிழில் சொன்னார். அவருக்குத் தெரிந்த சில தமிழ் வசனங்களில் அது ஒன்று. அந்த வீணான பாவு நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, முடிச்சுப் பழக ஆறு மாதமும் பாவித்தோம்.

கோக்கும்போது இன்னொரு விஷயம். நடுவில் இரண்டு இழை இடம் மாறினால், அந்தப் பிழை தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே கோடாகத் தெரியும். நெய்தபின் திருத்த வழியில்லை. கோத்து முடித்ததும் வேறு நிற நூலால் இரண்டு அங்குலம் நெய்து, யன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கோடு தெரிந்தால் அங்கேயே அவிழ்க்கலாம். அரை மணி நேரம் போகும், நாலரை யார் தப்பும்.

குண்டசாலையில் படிப்பதில் ஒரு வசதி, பக்கத்திலேயே பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. நத்தரம்பொத்த கலாபுரத்தில் பித்தளை, வெள்ளி வேலை செய்கிறார்கள். ஹேனவல கிராமத்தில் தும்பறைப் பாய் நெய்கிறார்கள். அந்தக் கைவினை 2021 இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஒரு சனிக்கிழமை நாங்கள் நாலு பேர் ஹேனவலவுக்குப் போனோம். தறி நிலத்தோடு நிலமாக இருந்தது. வயதான அம்மா ஒருவர் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்து நெய்தார். ஹண என்று அவர்கள் சொல்லும் கற்றாழை மாதிரியான செடியின் இலையைச் சுரண்டி நாரெடுத்து, கழுவிக் காயவைத்து, சாயம் போட்டு, பிறகுதான் தறிக்குக் கொண்டு வருகிறார்கள். மஞ்சள் நிறம் மரமஞ்சளில் இருந்து, சிவப்பு பதங்கிக் கட்டையில் இருந்து. இலையில் இருந்து பாய்வரை எல்லாம் அந்த வீட்டிலேயே நடக்கிறது. வகுப்பில் சேருகிறவர்கள் ஒரு நாள் கட்டாயம் போய்ப் பாருங்கள்.

சரி, சேருவதற்கு வருவோம். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதல் தடை கடதாசியில்தான் வரும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு மாதிரி, பாடசாலை விடுகைப் பத்திரத்தில் இன்னொரு மாதிரி, அடையாள அட்டையில் மூன்றாவது மாதிரி என்று பெயர் இருக்கும். அப்பாவின் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் கவுண்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் விண்ணப்பிக்க இரண்டு மாதம் முன்னாலேயே கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டுத் திருத்துங்கள். கடைசி வாரத்தில் அது நடக்காது.

அடுத்தது முகவரி. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) முகவரிக்கு வரும் கடிதம் தோட்ட ஆபிஸுக்குத்தான் போகும். எனக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம் ஆபிஸில் ஆறு நாள் கிடந்தது. கையில் கிடைத்தபோது நேர்முகம் முந்தின நாளே முடிந்திருந்தது. நான் அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் நேரே நிலையத்துக்குப் போய், கடித உறையில் இருந்த தபால் முத்திரைத் திகதியைக் காட்டினேன். அவர்கள் விளங்கிக்கொண்டு உட்கார வைத்துப் பேசினார்கள். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். டவுனில் உறவுக்காரர் இருந்தால் அவர் வீட்டு முகவரியைக் கொடுங்கள், தொலைபேசி இலக்கத்தைத் தெளிவாக எழுதுங்கள், விண்ணப்ப முடிவுத் திகதி கழிந்து ஒரு வாரத்தில் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

சான்றிதழைப் பற்றியும் அங்கேயே கேட்டுவிடுங்கள். நிலையம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, இந்தக் கற்கைநெறிக்கு என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) உண்டா, எந்த மட்டம் என்று. என்.வி.கியூ. 1 முதல் 7 வரை ஏழு மட்டம். விடுமுறை வகுப்புக்குப் பெரும்பாலும் வருகைச் சான்றிதழ்தான் கிடைக்கும். அதற்காகப் போகாமல் இருக்காதீர்கள், கை பழகுவதற்கு அது நல்ல இடம்தான். ஆனால் வேலைக்கு அதைக் காட்டலாம் என்று எண்ணிப் போகாதீர்கள்.

மொழியைப் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். என் வகுப்பில் பதினாறு பேரில் தமிழ் பேசுகிறவர்கள் மூன்று பேர். பாடம் சிங்களத்தில். முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நூலுக்கு அவர்களும் நூல என்றுதான் சொல்கிறார்கள். இழை அறுந்தால் "நூல கெடுனா" என்று யாராவது சத்தம் போடுவார்கள், எல்லோரும் நிறுத்துவோம். வெயில் காய்கிற பிற்பகல்களில் அந்தச் சத்தம் அடிக்கடி கேட்கும். பருத்தி நூல் ஈரப்பதம் குறைந்தால் சீக்கிரம் அறும், அதனால் மிஸ் தரையில் தண்ணீர் தெளிக்கச் சொல்வார். இப்படிக் கையோடு சேர்ந்து வருகிற சொல் மறக்காது. ஒரு சின்னக் கொப்பியில் சிங்களச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் அந்தக் கருவியை வரைந்து வைத்தேன். ஒரு மாதத்தில் முப்பது சொல் சேர்ந்தது, வகுப்புக்கு அது போதுமாயிருந்தது. கடதாசி வேலை வேறு விஷயம். 1987 இல் வந்த 13 ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. விண்ணப்பப் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். பரீட்சையில் தமிழில் பதில் சொல்ல வேண்டும் என்றால் சேரும்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள், மதிப்பீட்டாளரை ஒழுங்கு செய்ய அவர்களுக்கும் நேரம் வேண்டும்.

வகுப்பை விட்டுப் போகிறவர்கள் முதல் இரண்டு வாரத்தில்தான் போகிறார்கள். அந்த இரண்டு வாரமும் தறியில் ஏற மாட்டீர்கள். நாடாவுக்குள் வைக்கும் சின்ன உருளையான பொபினுக்கு நூல் சுற்றுவது, முடிச்சுப் போடுவது, நூல் கழியை, அதாவது வளையமாகச் சுற்றிய நூல் கட்டைப் பிரிப்பது, இவ்வளவுதான். எங்களோடு சேர்ந்த நாலு பேர் "நெசவு படிக்க வந்தா நூல் சுத்த விடுறாங்க" என்று நின்றுவிட்டார்கள். இறுக்கமில்லாமல் சுற்றிய பொபின் நாடாவுக்குள் வழுக்கிச் சிக்கும், மேடு பள்ளமாகச் சுற்றியது பாதியில் அறும். பிறகு தறியில் நாள் முழுக்க அவிழ்த்துக்கொண்டிருப்பீர்கள். இப்போது பொபினை விரலால் அமுக்கிப் பார்த்தே சரியா பிழையா என்று சொல்லிவிடுவேன். அது அந்த இரண்டு வாரத்தில் வந்தது.

பரீட்சை பாடசாலைப் பரீட்சை மாதிரி இல்லை. வெளியில் இருந்து மதிப்பீட்டாளர் வருவார், புள்ளி கிடையாது. தேர்ச்சி, இன்னும் தேர்ச்சியில்லை, இரண்டில் ஒன்று. செய்து காட்டச் சொல்வார், செய்யும்போதே கேள்வி கேட்பார். என்னிடம் ஒரு துணியைக் கொடுத்து, ஓரம் ஏன் உள்ளே இழுத்திருக்கிறது என்று கேட்டார். ஊடையை நேராக இழுத்து அடித்தால் அப்படி வரும், சற்றுச் சாய்வாக விட்டு அடிக்க வேண்டும் என்று தறியிலேயே காட்டினேன். அப்புறம் நூல் கணக்கு. பருத்தி நூலுக்கு 840 என்ற எண்ணை மறக்காதீர்கள். ஒரு இறாத்தலில் 840 யார்க் கழிகள் எத்தனை என்பதுதான் நூலின் இலக்கம். 2/10 என்றால் பத்தாம் இலக்க நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கியது, ஆகவே இறாத்தலுக்கு 8400இல் பாதி, 4200 யார். மேலே சொன்ன 1548 யாருக்கு ஒரு இறாத்தலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட வேண்டும். இதை மனக்கணக்காகச் சொன்னபோது அவர் அடுத்த கேள்விக்குப் போகாமல் பேனாவை வைத்துவிட்டார்.

தினமும் செய்த வேலையை எழுதி, ஒவ்வொரு துணியிலும் இரண்டு அங்குலத் துண்டு வெட்டி ஒட்டிய கொப்பி ஒன்று வைத்திருங்கள். பிழைத்த துணியையும் ஒட்டுங்கள், பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். என் கொப்பியில் அவர் அதிக நேரம் பார்த்தது அந்தப் பக்கங்களைத்தான்.

சனசமூக நிலையத்துத் தறியில் போன மாதம் பாவு ஏற்றினோம். என் தங்கச்சி இழை எடுத்துக் கொடுக்க, நான் கோத்தேன். 344 இழைக்கு ஒன்றரை நாள் பிடித்தது. சிவப்பு நூலால் இரண்டு அங்குலம் நெய்து யன்னலுக்கு நேராகப் பிடித்தோம். வலது பக்கத்தில் ஒரு கோடு தெரிந்தது. "அவிழ்க்கவா அக்கா?" என்று தங்கச்சி கேட்டாள், நான் பதில் சொல்லுமுன்னே கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள்.