ஆறு பின்

கோயம்புத்தூரில் வாங்கி மலைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த புது எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி, குன்னூர் வீட்டு மேஜையில் சும்மா கிடக்கிறது.

அதன் வயரில் 24 பின். பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டில் 6 பின்.

டார்ச் அடித்து இன்னொரு முறை எண்ணினேன். ஆறுதான்.

ஏடிஎக்ஸ் என்ற பொது அளவு 1995-லேயே வந்துவிட்டது. எந்தக் கடையில் வாங்கினாலும் பொருந்த வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆனால் பெரிய பிராண்டுகளின் டெஸ்க்டாப் பலவற்றில் சொந்த பின், சொந்த அளவு. அவற்றில் எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட் மட்டும் கொடுக்கும், மற்றதை போர்டே பிரித்துக்கொள்ளும். கரண்ட் மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் நானே விருந்தாளி மாதிரி நிற்கிறேன்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "கன்வர்ட்டர் வயர் வருது சார். மாடலுக்கு மாடல் மாறும், தப்பா மாட்டினா போர்டு போயிரும்."

"அப்போ கிராபிக்ஸ் கார்டு?" என்றான் மகன். அதற்குக் கரண்ட் போதாது என்றுதான் இந்தப் புது எஸ்எம்பிஎஸ்ஸே.

மதர்போர்டில் செருகும் ஸ்லாட்டிலிருந்தே 75 வாட்டுக்குள் எடுத்துக்கொள்ளும் சின்ன கார்டு பார்க்கலாம் என்றேன். முகம் தொங்கிப்போச்சு.

திறந்ததற்கு சுத்தமாவது செய்வோம் என்று பிரஷ்ஷை எடுத்தேன். கீழ்நாட்டுத் தூசி ஊதினால் பறக்கும். எங்கள் ஊர் தூசி மூடுபனியில் ஊறி, ஃபேன் இறக்கையில் கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது.

அப்புறம் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டேன். அது மட்டும் ஒரு பேச்சும் பேசாமல் பொருந்தியது.