ஐந்தாவது எழுத்து

பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். முக்கூடல் பக்கமிருந்து ஒரு தம்பதி எட்டு மாதப் பிள்ளையோடு வந்தார்கள். அவள் பீடி சுற்றுகிறவள். அவர் அவளுக்கு அத்தை மகன். பிள்ளை வெளிறிக் கிடந்தது. மூன்று மாதம் இரும்புச்சத்து டானிக் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை.

ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. பரிசோதனையில் பிள்ளைக்குப் பெரும்பகுதி எஃப் வகை, கருவிலிருக்கும்போது உருவாவது. தாய் தகப்பன் இருவருக்குமே ஏ2 என்ற வகை 4 சதவீதத்துக்கு மேல், குறையுள்ள மரபணுவைச் சுமப்பவர்களின் அடையாளம் அது. பீட்டா தலசீமியா, பரம்பரையாக வரும் ரத்தசோகை. டி.என்.ஏ. பரிசோதனையில் காரணம் தெரிந்தது: டி.என்.ஏ.வின் எழுத்துகள் ஏ, டி, ஜி, சி என நான்கு; ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான பீட்டா குளோபின் மரபணுவில், முதல் இன்ட்ரான் என்கிற இடைப்பகுதியின் ஐந்தாவது எழுத்து ஜி இருக்கவேண்டிய இடத்தில் சி.

"ஒத்த எழுத்துக்காகவாக்கா இம்புட்டுப் பாடு?" என்று கேட்டாள்.

உட்காரவைத்துச் சொன்னேன். செல் மூன்று மூன்று எழுத்தாக வாசித்துப் புரதம் கட்டுகிறது. ஒவ்வொரு மூன்றும் புரதத்தின் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். ஜி.ஏ.ஜி. என்றால் குளூட்டாமிக் அமிலம். கடைசி எழுத்து மாறி ஜி.ஏ.ஏ. ஆனாலும் அதே அமிலம்தான். நடு எழுத்து டி ஆகிவிட்டால் வேலின் என்ற வேறு அமிலம். பீட்டா குளோபினின் 146 அமிலங்களில் ஆறாவது மட்டும் அப்படி மாறுவதுதான் அரிவாள் செல் நோய். 1950களில் வெர்னான் இங்கிராம் என்ற விஞ்ஞானி கண்டது.

இவர்களுடையது வேறு. மாறிய எழுத்து புரதத்துக்கானதே இல்லை, செல் வெட்டி எறிகிற பகுதியில் இருப்பது. ஆனால் எங்கே வெட்டவேண்டும் என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்.

"பீடி இலைய தகடு வச்சுத்தான வெட்டுவிய? தகடு நகந்துட்டா?" என்று கேட்டேன்.

"இலை வீணாப் போவும்."

அப்படித்தான். வெட்டு தப்புவதால் பீட்டா சங்கிலி மிகக் கொஞ்சமே உருவாகிறது. அதோடு சேர்ந்து ஹீமோகுளோபின் ஆகவேண்டிய ஆல்ஃபா சங்கிலிகள் ஜோடி கிடைக்காமல் படிந்து சிவப்பணுவைச் சிதைக்கின்றன.

கூட வந்த மாமியார், "எல்லாம் இவ ரத்தம்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேருகிட்ட இருந்தும் ஒவ்வொண்ணு வந்தாத்தாம்மா இந்த நோய். இவ அப்பா உங்க கூடப்பொறந்தவர்தான? ஒங்க வீட்டுலேருந்தே ரெண்டு வழியா வந்திருக்கலாம்" என்றேன். அதன்பிறகு அவர் பேசவில்லை.

அன்று மாலை பழைய பதிவேட்டைப் புரட்டினேன். அவள் கர்ப்பமாக இருந்தபோது எடுத்த ரத்தம் எங்கள் லேபுக்குத்தான் வந்திருக்கிறது. சிவப்பணுக்கள் சிறியவை, எண்ணிக்கையோ அதிகம். இரும்புக் குறைவில் எண்ணிக்கை பெரும்பாலும் குறையும். தலசீமியாவைச் சந்தேகப்பட அது போதும். கீழே என் கையெழுத்து. டாக்டருக்கு ஒரு வரி எழுதியிருந்தால், கணவரையும் அன்றே பார்த்திருப்பார்கள்.

போன வாரம் அவள் தன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கல்யாணப் பேச்சு நடக்கிறதாம், மாமன் மகனோடு. "அவனுக்கும் சேத்து எடுங்கக்கா" என்றாள். வாசலில் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தான் அந்தப் பையன்.