வார இறுதிக்கு காத்தோங் போங்க, மரினா பே எங்கயும் ஓடிப் போயிடாது

ஊர்ல இருந்து யாராவது சிங்கப்பூருக்கு வந்தா நாம எல்லாரும் ஒரே ரூட்டுல தான் கூட்டிட்டு போறோம், மெர்லயன், மரினா பே சேண்ட்ஸ், கார்டன்ஸ் பை தி பே, செந்தோசா, கடைசியா லிட்டில் இந்தியா பக்கம் தேக்கா, முஸ்தபா கடை. எல்லாம் நல்ல இடம் தான், நான் குறை சொல்லல. ஆனா வெயில்ல கியூ நின்னு போட்டோ எடுத்து கால் வலியோட பிளேன் ஏறிடறாங்க, இந்த ஊர்ல மனுசங்க எப்படி வாழறாங்கன்னு அவங்க கண்ணுல படவே மாட்டேங்குது. அதனால இந்த தடவை திருச்சியில இருந்து சித்தியும் சித்தப்பாவும் வந்தப்ப நான் பிடிவாதமா வார இறுதிக்கு காத்தோங்ல ஒரு சின்ன ஹோட்டல்ல ரூம் போட்டுட்டேன். நாங்க இருக்கறது பூன் லே, தீவோட மேற்கு கோடி, கிழக்கு கரையோரம் இருக்கற காத்தோங் எங்களுக்கே வெளியூர் தான்.

"வீடு இங்கயே இருக்கறப்ப எதுக்குடி ஹோட்டல், காசு என்ன கொட்டியா கிடக்கு"ன்னு சித்தி கேட்டுட்டே தான் வந்தாங்க. வீட்ல இருந்து போயிட்டு வந்தா போக வரவே பாதி நாள் போயிடும் சித்தி, அங்கயே தங்கினா தான் காலைல அந்த தெரு எப்படி முழிக்குதுன்னு பாக்க முடியும்னு சொன்னேன். எனக்கு வேண்டியது அது தான்.

காலைல எழுந்ததும் பசியாற ஈஸ்ட் கோஸ்ட் ரோட்ல சின் மீ சின் கடைக்கு போனோம். 1925ல இருந்து இருக்கற கடை, நடுவுல 2018 கடைசில மூடிட்டாங்க, எத்தனை பேர் வருத்தப்பட்டாங்க தெரியுமா, அப்புறம் 2021ல திரும்ப திறந்தாங்க. உருண்டையான பன்ன ரெண்டா வெட்டி சுட்டு காயா, அதாவது தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்த ஜாம், அத தடவி வெண்ணெய் வைச்சு தருவாங்க, அரை வேக்காட்டு முட்டை, கோப்பி. சித்தப்பா சர்க்கரைக்காரர், அவருக்கு கோப்பி ஓ கொசோங், பாலும் இல்ல சர்க்கரையும் இல்ல, ஒரு வாய் குடிச்சுட்டு "கஷாயம் போல இருக்கு, ஆனா நல்லாருக்கு"ன்னாரு. ஒன்பது மணிக்கு மேல போனா அங்கயும் வரிசை தான், அதனால சீக்கிரம் போயிடுங்க.

அப்புறம் ஜூ சியாட் ரோட்ட அப்படியே நடந்தே பாத்தோம். சியூ ஜூ சியாட்னு ஒரு பெரிய நிலச்சுவான்தார் பேர்ல வந்த ரோடு, சுத்தி இருந்த தோப்பெல்லாம் ஒரு காலத்துல அவரோடது. 2011ல தேசிய மரபுடைமைக் கழகம் சிங்கப்பூரோட முதல் மரபுடைமை நகர்னு இந்த இடத்துக்கு தான் பட்டம் குடுத்துச்சு. வண்ண வண்ணமா வரிசையா நிக்கற வீடுங்க கூன் செங் ரோட்ல, எல்லாரும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்னு ஒரு செல்ஃபி எடுத்துட்டு போயிடறாங்க, தயவுசெஞ்சு கிட்ட போய் பாருங்க. ஆனா அதுல எல்லாம் ஜனங்க குடியிருக்காங்க, வாசப்படி ஏறாம, சத்தம் போடாம பாக்கணும். இடுப்புக்கு கீழ முழுக்க பூக்கல்லு, அதாவது பூப்போட்ட டைல்ஸ், பதிச்சிருக்காங்க, ரோஸ் பூவு கல்லுல இருந்து புடைச்சுகிட்டு நிக்குது, ஓரத்துல பச்சை கொடி, நூறு வருசம் ஆகப் போகுது, பளபளப்பு போகல, சிலது மட்டும் மயிரிழை மாதிரி கீறல் விட்டிருக்கு. வாசல்ல பெரிய கதவுக்கு முன்னாடி இன்னொரு பாதிக் கதவு, மரத்துல செதுக்கினது, பெரிய கதவ திறந்து வைச்சுட்டு இத மட்டும் சாத்தினா காத்தும் வரும், ரோட்ல போறவங்களுக்கு உள்ள தெரியாது. சித்தப்பா ரொம்ப நேரம் குனிஞ்சு பாத்துட்டு, "ஏம்மா, இதே கல்லு காரைக்குடி பக்கம் செட்டியார் வீட்டுல இருக்கே"ன்னாரு. உண்மை தான். ஜப்பான்ல இருந்தும் ஐரோப்பால இருந்தும் கப்பல்ல வந்த கல்லு அங்கயும் போயிருக்கு, இங்க பெரனாக்கான், அதாவது மலாய் பழக்கவழக்கம் கலந்த சீன வம்சாவளிக்காரங்க, அவங்க வீடுகளுக்கும் வந்திருக்கு. அவர் அத கண்டுபிடிச்சதுல எனக்கு அவ்ளோ சந்தோசம்.

இன்னொண்ணு, இது நம்மாளுங்க நிறைய பேருக்கு தெரியாது. ஸ்டில் ரோடு சவுத்ல காரிக்கல் மஹால்னு ஒரு பழைய பங்களா இருக்கு. காரைக்கால்ல இருந்து வந்து இங்க மாட்டு வியாபாரத்துல கொடிகட்டி பறந்த மூனா காதிர் சுல்தான் 1917ல கட்டினது, அப்ப அது கடலோர பங்களா. 1947ல கிராண்ட் ஹோட்டலா மாறிச்சு, அப்புறம் அந்த வளாகத்த ரெண்டா பிளந்துகிட்டு தான் ரோடே போட்டாங்க, அதனால இப்ப ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டடம் அந்தப் பக்கம் ஒரு கட்டடம். உள்ள போக முடியாது, வெளிய நின்னு பாக்கலாம். காரைக்கால் பேர சிங்கப்பூர்ல ஒரு மாளிகைக்கு வைச்சிருக்காங்கன்னதும் சித்தி போன எடுத்து நாகூர்ல இருக்கற அவங்க தோழிக்கு அங்கயே வீடியோ கால் போட்டுட்டாங்க.

"கடலோர பங்களான்னா கடல் எங்க"ன்னு சித்தி கேட்டது நியாயமான கேள்வி. ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டுக்கு கொஞ்சம் தள்ளி கடல் இருந்த காலம் அது. 1966ல ஆரம்பிச்சு சிக்லாப், பெடோக் பக்கத்து மேட்டு மண்ணெல்லாம் வெட்டி கொண்டு வந்து கடல்ல கொட்டி நிலமாக்கினாங்க. இப்ப மரின் பரேட்ல வரிசையா நிக்கற அடுக்குமாடி புளோக் எல்லாம் அந்த மண்ணு மேல தான் நிக்குது. அத தெரிஞ்சுகிட்டு அந்த ரோட்ல நடந்தா கால்ல ஒரு சிலிர்ப்பு வருது எனக்கு, ஒவ்வொரு தடவையும்.

சாயங்காலம் சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயில். 1800கள்ல ஒரு குளத்தங்கரை செண்பக மரத்தடியில பிள்ளையார் சிலை கிடைச்சு, இலங்கைத் தமிழர் எதிர்நாயகம் பிள்ளை ஓலைக் கொட்டகை போட்டு ஆரம்பிச்ச கோயில், ரெண்டாம் உலகப்போர்ல குண்டு விழுந்து சேதமாகி திரும்ப எழுந்து நிக்குது. ராஜகோபுரம் 21 மீட்டர் உயரம். தேக்கா வீரமாகாளியம்மன் கோயில்ல ஞாயித்துக்கிழமை தள்ளுமுள்ளுல சாமி கும்பிட்டு பழகினவங்களுக்கு இங்க வந்தா மனசு அப்படியே இறங்கிடும். பக்கத்துல உக்காந்திருந்த வயசான அம்மா யாழ்ப்பாணத் தமிழ்ல "எவடம் நீங்கள்"னு கேட்க, சித்தி திருச்சின்னு சொல்ல, அவ்ளோ தான், ரெண்டு பேரும் முழங்கால் வலியில ஆரம்பிச்சு பேரன் பேத்தி வரைக்கும் போயிட்டாங்க. நான் அவசரப்படுத்தல. வேற எங்கயும் போற டிக்கெட்டு கையில இல்லாத நாள் அது, அதனால தான் அந்தப் பேச்சே நடந்துச்சு.

சாப்பாடு பத்தி சொல்லணும்னா காத்தோங் லக்சா எல்லாருக்கும் தெரியும், தேங்காய்ப்பால் குழம்புல போடற நூடுல்ஸ், அந்த நூடுல்ஸ சின்னதா வெட்டி போட்டிருப்பாங்க, ஸ்பூன் மட்டும் போதும், சிப்பி வேணாம்னா முன்னாடியே சொல்லிடணும். ஆனா என் ஓட்டு ஹேக் ரோடு ஹாக்கர் சென்டர்ல, அதாவது சாப்பாட்டுக் கடைங்க வரிசையா இருக்கற இடத்துல, கிடைக்கற புட்டு பிரிங்குக்கு தான். கேலாங் சிராய் மார்க்கெட்டுக்கு கிட்ட. சின்ன தட்டு அச்சுல அரிசி மாவ பரப்பி, நடுவுல குலா மலாக்கா, அதாவது தென்னை மரத்து வெல்லம், அத வைச்சு, மேல இன்னொரு பிடி மாவ போட்டு, துணியில மூடி ஆவியில ஏத்திடறாங்க. கொஞ்ச நேரத்துல இறக்கி பாண்டான் இலை துண்டு மேல கவுத்து, லேசா உப்பு போட்ட தேங்காய்ப்பூவோட தருவாங்க. கடிச்சா வெல்லம் பாகா உருகி வாயில இறங்கும், சூடு நாக்க பதம் பாத்துடும், பாத்து சாப்பிடுங்க. "நம்ம புட்டு தான்டி, ஆனா நமக்கு நடுவுல வெல்லத்த ஒளிச்சு வைக்க தோணலியே"ன்னு சித்தி சொல்லிட்டு இன்னொரு பொட்டலம் வாங்கிகிட்டாங்க. கடைக்கார மலாய் அக்கா கிட்ட மாவு ஈரப்பதம் எப்படின்னு கையாலயே ஜாடை காட்டி கேட்டாங்க, அந்த அக்காவும் மாவ கையில பிடிச்சு உதுத்து காட்டினாங்க.

ராத்திரி ஈஸ்ட் கோஸ்ட் பார்க். மரின் பரேட்ல இருந்து எக்ஸ்பிரஸ்வேக்கு அடியில சுரங்கப்பாதை இருக்கு, அதுல போனா நேரா கடற்கரை. குடும்பம் குடும்பமா கூடாரம் போட்டு கோழி சுட்டுகிட்டு இருந்தாங்க, ஒரு தமிழ்க் குடும்பம் பெரிய பிரியாணி அண்டாவ நடுவுல வைச்சு ஒருத்தர் பொறந்தநாள் கொண்டாடினாங்க. தூரத்துல கப்பலுங்க விளக்கு போட்டு வரிசையா நிக்குது. சித்தப்பா செருப்ப கழட்டிட்டு தண்ணியில நின்னாரு. மரினா பே லேசர் ஷோ அன்னிக்கு யாரும் கேட்கவே இல்ல.

போறவங்களுக்கு: 2024 ஜூன்ல இருந்து தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் லைன் இங்க ஓடுது, காத்தோங் பார்க், தஞ்சோங் காத்தோங், மரின் பரேட்னு ஸ்டேசனுங்க இருக்கு, நகரத்துல ஒரு சாயங்காலம் பாத்தே ஆகணும்னா அதுல போயிட்டு ராத்திரி திரும்பிடலாம். சாங்கி ஏர்போர்ட்ல இருந்து நேரா வர்றவங்களுக்கு 36ம் நம்பர் பஸ் மரின் பரேட் வழியா போகும், பெட்டி பெருசா இருந்தா டாக்சி பிடிங்க, ஏர்போர்ட்ல இருந்து நகரத்துக்கு போறத விட இங்க வர்றது கிட்ட தான். சனி, ஞாயிறு மதியம் அந்த கஃபே பக்கமெல்லாம் கூட்டம் நெரியும், அந்த நேரத்துக்கு ரூம்ல ஒரு தூக்கம் போட்டுட்டு நாலு மணிக்கு மேல கிளம்புங்க.